வளையத்தின் வாய்

"புது ரிங்குதானே ஸார்! கம்பெனியிலே அளந்துதானே அனுப்பறான்?"

இந்த ஒரு வாக்கியத்தை நம்பியதற்கு நான் கொடுத்த விலையை நேயர்கள் தெரிந்துகொள்வது நல்லது. என் தகப்பனார் விட்டுச் சென்ற அம்பாஸிடர் வண்டியின் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். ஸிலிண்டர்களை 20 'தௌ' அகலமாகக் குடைந்து, புதுப் பிஸ்டன்களும் வளையங்களும் போட்டார்கள். தௌ என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமனே இரண்டு மூன்று தௌ இருக்கும்.

சித்திரை வெயிலில் குடும்பத்துடன் புறப்பட்டோம். திண்டிவனத்துக்கு அப்பால் எஞ்சினுக்குள் ஏதோ கீறுவது போன்ற சப்தம் எழுந்தது, வேகம் குறைந்தது, சற்று நேரத்தில் வண்டி நின்றேவிட்டது. பிறகு பிரித்துப் பார்த்தபோது மூன்றாவது ஸிலிண்டரின் சுவரில் மேலிருந்து கீழ் வரை கோடு கோடாகக் காயம். வளையம் ஒன்று இரண்டு துண்டாகியிருந்தது. அதன் இரு முனைகளும் கண்ணாடிபோல் பளபளத்தன. முனைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன என்பதற்கு அந்தப் பளபளப்பைவிட வேறு சாக்ஷி வேண்டியதில்லை.

பிஸ்டன் வளையம் முழு வட்டமன்று. ஓரிடத்தில் வெட்டுண்ட வட்டம். பழைய நீராவி யந்திரங்களில் பிஸ்டனைச் சுற்றிச் சணலைத் திணித்து ஆவி கசியாமல் அடைத்து வந்தார்கள். 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கில ரயில் எஞ்சினியர், வெட்டுண்ட உலோக வளையம் தன் சொந்த விறைப்பினாலேயே சுவரை அழுத்திக்கொண்டிருக்கும் என்று கண்டு, அதைப் பள்ளத்தில் பொருத்தினார். இன்று வரை அந்த யுக்திதான். ஆனால் வெட்டு இருக்கிறதென்றால் அதற்கு ஒரு வாயும் இருக்க வேண்டும். அந்த வாய் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

கணக்கு எளிது. அம்பாஸிடரின் 1489 ஸி.ஸி. எஞ்சினில் ஸிலிண்டரின் ஆதி விட்டம் 73 மில்லிமீட்டர் சொச்சம். ஆகவே வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 230 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு 100 டிகிரி ஸென்டிகிரேடு உஷ்ணம் ஏறினால் ஆயிரத்துக்கு ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நீளும். எனவே ஸிலிண்டர் சுவரைக் காட்டிலும் வளையம் 100 டிகிரி அதிகமாய்ச் சூடேறினால், வாய் கால் மில்லிமீட்டர், அதாவது 10 தௌ, சுருங்கிவிடும். ஆரம்பத்தில் 6 தௌ மட்டும் விட்டிருந்தால் என்ன ஆகும்? நீளுவதற்கு இடமில்லாத வளையம் சுவரைப் பிளக்கப் பார்க்கும். முடியாவிட்டால் தானே முறியும். விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 3 அல்லது 4 தௌ விடுவது என்ற பழைய பட்டறை விதி இதனால்தான் ஏற்பட்டது. நம் வண்டிக்கு அது 9 முதல் 12 தௌ வரை ஆகிறது.

வாய் இரண்டு மூன்று தௌ அதிகமாகிவிட்டால் கொஞ்சம் வாயு கசியும், பலம் இம்மியளவு குறையும், அவ்வளவுதான். இரண்டு மூன்று தௌ குறைந்தாலோ எஞ்சினே போய்விடும். இரு பிழைகளும் ஒரே அளவுதான். தண்டனையில் எத்தனை வித்தியாசம், பாருங்கள்!

இரண்டாம் முறை வேலையை வேறோர் வயோதிக மேஸ்திரியிடம் ஒப்படைத்தேன். காயம் மறைய வேண்டுமானால் 40 தௌ வரை குடைந்தாக வேண்டும். அதுவே கடைசி அளவு. அதற்கு மேல் வேண்டுமானால் பிளாக்கில் ஸ்லீவ் அடிக்க வேண்டியதுதான். ஆகையால் இம்முறை நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் செய்த முதல் காரியமே எனக்குப் புதுமையாக இருந்தது. பிஸ்டன்களை முன்னதாக வாங்கி வரச் செய்து, அவற்றை அளந்த பிறகே குடைய அனுமதித்தார். "பிஸ்டனுக்குத்தான் போர், போருக்குப் பிஸ்டன் இல்லீங்க" என்றார். பிஸ்டன் பார்வைக்கு உருண்டை. உண்மையில் சற்றே நீள்வட்டம். தலைப்பக்கம் அதிகச் சூடேறுமாதலால் அங்கே ஒடுக்கமாகவும் பாவாடைப் பக்கம் அகலமாகவும் கடைந்திருப்பார்கள். ஆகவே மைக்ரோமீட்டரைப் பாவாடையில், பின்னுக்குக் குறுக்கான திசையில் வைத்து அளக்க வேண்டும். வேறெங்கே அளந்தாலும் இல்லாத இடைவெளி இருப்பதாகத் தோன்றும்.

வாசலில் வெயிலில் கிடந்த பிஸ்டனை நான் எடுத்துக் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்தார். "ராத்திரி முழுக்க பிளாக்கோட நிழல்லே கிடக்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும் உலோகம். 20 டிகிரி வித்தியாசத்தில் இந்தப் பிஸ்டன் 1 தௌவுக்கு மேல் பருத்துவிடும். விட வேண்டிய இடைவெளியோ சுமார் 2 தௌதான்! பாதிக் கணக்கு வெயிலிலேயே போய்விடும்.

மறுநாள் வளையங்கள். ஒவ்வொன்றையும் அது போய் உட்காரப்போகிற ஸிலிண்டருக்குள் தனியே விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து ஓர் அங்குல ஆழத்துக்குத் தள்ளினார். இப்படித் தள்ளினால்தான் வளையம் சாயாமல் நேராக நிற்கும். பிறகு பில்லர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக வாயில் நுழைத்துப் பார்த்தார். புதிதாய்க் குடையாத தேய்ந்த ஸிலிண்டராக இருந்தால் அடிப்பக்கத்தில், தேயாத இடத்தில் அளக்க வேண்டுமாம். தேய்மானம் மேலேதான் அதிகம். அங்கே அளந்து திருப்தி அடைந்தால் வளையம் கீழே இறங்கும்போது வாய் மூடிக்கொள்ளும்.

பள்ளத்திலும் வளையத்தைச் சுற்றிலும் உருட்டித் தகடு விட்டுப் பார்த்தார். அங்கே ஒன்றரை முதல் மூன்றரை தௌ வரை இருக்கலாம். மிஞ்சினால் வளையம் எண்ணெயை மேலே இறைக்கும். பின்னால் வருகிறவர் நீலப் புகையில் நம்மை வாழ்த்துவார்.

மூன்றாவது ஸிலிண்டரின் மேல் வளையத்தில் 7 தௌ தகடு நுழைந்தது, 8 நுழையவில்லை. அதே பெட்டியிலிருந்து வந்த மற்ற மேல் வளையங்கள் மூன்றும் 10-க்குக் குறையவில்லை. மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் மெல்லிய அரத்தை வைஸில் பிடித்து, வளையத்தின் ஒரு முனையை மட்டும் வெளி விளிம்பிலிருந்து உட்புறமாக ராவினார். இரண்டு தடவை ராவுவார், ஸிலிண்டரில் விட்டு அளப்பார், மறுபடியும் எடுப்பார். பிசிறுகளை எண்ணெய்க் கல்லில் தேய்த்து நீக்கினார். 10 தௌ தகடு இழைந்து நுழைய அரை மணி நேரம் ஆயிற்று. இந்த அரை மணிதான் முதல் பட்டறையில் மிச்சம் பிடிக்கப்பட்டது.

வளையங்களைப் பூட்டும்போது வாய்கள் ஒன்றன்கீழ் ஒன்று வராதபடி திருப்பி வைத்தார். ஒவ்வொரு ஸிலிண்டருக்கும் எழுதிய அளவுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் என்னிடம் கொடுத்தார். பிஸ்டன் பெட்டியைக் கிழித்த அட்டையின் பின்பக்கம் அது. வண்டியின் ஆர்.ஸி. புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.