மின்கம்பியில் நீடிக்கும் காலனியாதிக்கம்

புனே நகரின் கிழக்கு எல்லையிலுள்ள கராடியில் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் இரவு முழுவதும் ஒளிர்கின்றன. அவற்றை ஒட்டி ஓடும் முளா-முட்டா ஆற்றின் மேல்பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையடியில் நிற்கிறது முல்ஷி அணை. மின்சாரத்தின் வர்க்க அரசியலை உணர்த்த அதன் வரலாறே போதும்.

பம்பாயின் ஆலைகளுக்கு மின்சாரம் வழங்க டாடா நிறுவனம் இந்த அணைத் திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 50 கிராமங்களின் நெல்வயல்கள் மூழ்கவிருந்தன. தனியார் நிறுவனம் ஒன்றுக்காக, 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைப் பிரிட்டிஷ் அரசு ஏவியது. 1921 ஏப்ரலில் விவசாயிகள் சத்தியாகிரகத்தில் இறங்கினர். அதற்குத் தலைமையேற்ற பாண்டுரங் மகாதேவ் பாபட், ‘சேனாபதி’ எனப் பெயர் பெற்றார். நிலவுடைமையாளர்களும் லேவாதேவிக்காரர்களும் இழப்பீட்டைப் பேரம் பேசினர். நிலத்தை உழுதவர்கள் கைவிடப்பட்டனர். 1924க்குள் போராட்டம் ஒடுக்கப்பட்டது. கிழக்கே பீமா ஆற்றைச் சேர வேண்டிய நீர், மலைக்கு மேற்கே பீரா மின்நிலையத்துக்குத் திருப்பப்பட்டது. இன்றும் அது அவ்வழியே அரபிக்கடலைச் சேர்கிறது.

அந்நிய ஆட்சி அகன்றது. அதன் அதிகாரம் அகலவில்லை. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 164ஆவது பிரிவு, 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்ட அதிகாரங்களை மின்பாதை அமைப்போருக்கு வழங்க இடமளித்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் மின்பாதை அமைக்கப்பட்டபோது, கொங்கு மண்டல விவசாயிகள் இதே அதிகாரத்தை எதிர்த்துத்தான் போராடினர். நிலம் கையகப்படுத்தப்படாது, கோபுரம் மட்டும் வயலில் நிற்கும். அப்பாதையை அமைத்தது பொதுத்துறையான பவர்கிரிட். எனவே பொதுவுடைமையுடன் மக்களின் ஒப்புதலும் சேர்ந்தால்தான் அது ஜனநாயகமாகும்.

அந்தப் பொதுவுடைமையும் இன்று முற்றுகைக்குள்ளாகியுள்ளது. நவி மும்பை உள்ளிட்ட பகுதிகளில் மின் விநியோகத்துக்கு அதானி குழும நிறுவனம் இணை உரிமம் கோரியபோது, 2023 ஜனவரி 4 அன்று மகாராஷ்டிர மின் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மின் நிறுவனங்களைத் தனியார்மயமாக்கும் எண்ணமில்லை என மாநில அரசு அன்றே உறுதியளிக்க நேர்ந்தது.

முல்ஷியில் விவசாயிகள் தனித்து விடப்பட்டனர். நிலத்தைக் காக்கப் போராடும் விவசாயியும் பொதுத்துறையைக் காக்கப் போராடும் மின் ஊழியரும் ஒரே அணியில் திரள வேண்டும். முல்ஷியின் தோல்வி நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.