காலில் கட்டிய மட்டை



டென்னிஸ் மட்டையை இரண்டு கால்களிலும் கட்டிக்கொண்டு ஒருவர் பூங்காவில் நடந்து வந்தால் என்ன செய்வீர்கள்? விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்தானே! கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். குளிர்காலம் வந்துவிட்டால் அங்கே தாத்தா பாட்டி முதல் உங்கள் வயதுப் பிள்ளைகள் வரை பலரும் பூங்காக்களில் அப்படித்தான் உலாவுகிறார்கள்.

அது நிஜ மட்டை இல்லை. 'ஸ்நோஷூ' என்கிற பனிக்காலணி. வளைத்த சட்டமும் நடுவில் வலையுமாகப் பார்ப்பதற்கு மட்டை போலவே இருக்கும். மான்ட்ரியல் மக்களில் பெரும்பாலோர் பேசும் பிரெஞ்சு மொழியில் டென்னிஸ் மட்டைக்கும் இதற்கும் ஒரே பெயர்தான். 'ராக்கெட்' என்பார்கள். (விண்வெளிக்குப் போகிற ராக்கெட் இல்லை!)

அந்த நகரத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கொட்டும் பனியைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 2 மீட்டர் உயரம் வரும். சாலையில் விழுந்த பனியை இயந்திரங்கள் தள்ளிவிடும். பூங்காவில் மரங்களுக்கு நடுவே அது அப்படியே கிடக்கும். புதுப்பனி மாவு மாதிரி மிருதுவானது. சாதாரண பூட்ஸோடு இறங்கினால் முழங்கால் வரை புதைந்துவிடும். பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்கும்.

பனிக்காலணி மட்டும் எப்படிப் புதையாமல் இருக்கிறது? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். உங்கள் எடை 30 கிலோ. ஒரு பாதத்தின் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் நின்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பனியும் 200 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அதே நீங்கள் 1,200 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பனிக்காலணியில் நின்றால்? வெறும் 25 கிராம்தான்! எடை குறையவில்லை; பரவிவிட்டது, அவ்வளவுதான். நடுவில் பலகை வைக்காமல் வலை பின்னியதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. காலைத் தூக்கும்போது மேலே ஏறிய பனி ஓட்டை வழியே உதிர்ந்துவிடும். காலணியும் கனக்காது. குதிகாலைக் கட்டாமல் முன்பாதத்தை மட்டும் கட்டுவதால், நாம் செருப்புப் போட்டு நடப்பது போலக் குதிகாலைத் தூக்கி நடக்கலாம்.

இத்தனை அறிவியலையும் கண்டுபிடித்தது எந்த விஞ்ஞானி? எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் கிடையாது. வட அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள்தான் இதைப் பல நூற்றாண்டுகளாகச் செய்து, திருத்தி, மெருகேற்றியவர்கள். ஆஷ் என்ற மரத்தின் கட்டையை நீராவியில் இளக்கி வளைப்பார்கள். மூஸ், கரிபு போன்ற மான் இனங்களின் பதப்படுத்தாத தோலை வார் வாராகக் கிழித்து வலை பின்னுவார்கள். பல இனங்களில் சட்டம் வளைப்பது ஆண்களின் வேலை, வலை பின்னுவது பெண்களின் வேலை. அடர்ந்த காட்டுக்கு உருண்டையான காலணி, திறந்த வெளிக்கு நீளமான காலணி என்று இடத்துக்கு ஏற்ற வடிவங்களும் வைத்திருந்தார்கள். இது இல்லாவிட்டால் குளிர்காலத்தில் வேட்டை இல்லை. வேட்டை இல்லாவிட்டால் வீட்டில் சாப்பாடு இல்லை.

பின்னால் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் இதை அவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். 1840களில் மான்ட்ரியல் நகரத்துக் கனவான்கள் பனிக்காலணிச் சங்கம் ஒன்றையே தொடங்கிவிட்டார்கள். நீலக் குல்லாய், கம்பளி அங்கி, இடுப்பில் பட்டை என்று சீருடை வேறு! இரவில் தீப்பந்தம் ஏந்தி, நகரத்தின் நடுவில் இருக்கும் மவுண்ட் ராயல் மலையில் வரிசையாக ஏறுவார்கள். அந்த மலை 1876இல் பொதுப் பூங்கா ஆனது. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஓம்ஸ்டெட்தான் இதையும் வடிவமைத்தார். 1883இல் நடந்த குளிர்காலத் திருவிழாவில் பனிக்கட்டியால் ஓர் அரண்மனையே கட்டினார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இனி சொல்லப்போவது அப்படி இல்லை.

பனிக்காலணி கட்டிக்கொண்டு ஓடும் பந்தயங்களும் நடந்தன. மான்ட்ரியலுக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மறுகரையில் இருக்கும் ககனவாகே என்ற ஊரிலிருந்து மோஹாக் இனத்து வீரர்கள் ஓட வந்தார்கள். காற்றாய்ப் பறந்தார்கள். உடனே கைகுலுக்கிப் பாராட்டியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அவர்களுக்குத் தனிப் பந்தயம் வைத்தார்கள். கனவான்களின் பந்தயத்தில் இடமில்லை. அந்த நகரத்து நடைப்போட்டிச் சங்கம் ஒன்று 1873இல் விதியே எழுதி வைத்தது. கூலித் தொழிலாளியும் 'இந்தியரும்' அமெச்சூர் வீரராக முடியாதாம். இந்தியர் என்றால் நாம் இல்லை; பூர்வகுடிகளைத்தான் அப்போது அப்படி அழைத்தார்கள். காலணி அவர்களுடையது, நடை அவர்களுடையது, போட்டியில் மட்டும் அவர்கள் வேண்டாம்! இதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோற்றுவிடுவோமோ என்ற பயம் என்றுதான் தோன்றுகிறது.

இப்போது அந்த விதி இல்லை. அலுமினியச் சட்டமும் பிளாஸ்டிக் தளமும் வந்துவிட்டன. பனியில் வழுக்காமல் இருக்க அடியில் உலோகப் பற்கள் இருக்கின்றன. சில பூங்காக்களில் வாடகைக்கே எடுக்கலாம். பனியையே பார்த்திராத யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் குடியேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த நகரத்தில் வளர்கிறார்கள். அவர்களும் சறுக்கி விழுந்து, எழுந்து நடக்கப் பழகலாம்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. பம்பரமோ பல்லாங்குழியோ கிரிக்கெட் மட்டையோ, நீங்கள் விளையாடும் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்த கைகள் யாருடையவை, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உங்களோடு சேர்ந்து விளையாடுகிறார்களா என்று விசாரித்து எங்களுக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்