முதிய விண்மீனின் கொடை

மார்கழித் திங்களில் தஞ்சைத் தரணியெங்கும் திருவாதிரை நாள் சிறப்பாகக் கொண்டாடப்படுகிறது. வீடுதோறும் களியும் கூட்டும் மணக்கும். கோயில்களில் மக்கள் வெள்ளமெனத் திரள்வர். ஆயின், அந்நாளுக்குப் பெயர் தந்த விண்மீனை அண்ணாந்து நோக்கி, ‘இதோ, இதுதான்’ என்று சுட்டக்கூடியவர் ஊருக்கு எத்தனை பேர்? மிகச் சிலரே என்று அஞ்சுகிறேன்.

அதனைக் காண்பது அரிதன்று. மார்கழி முன்னிரவில் சம்பா வயலின் வரப்பில் நின்று கிழக்கே பாருங்கள். மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் எழுந்து வரும். அவற்றுக்கு இடப்புறம் சற்றுத் தள்ளிச் செந்நிறமாய் ஒளிர்வதே திருவாதிரை. மேலைநாட்டார் இதனைப் பெட்டல்ஜூஸ் என்பர். சூரியன் இருக்கும் இடத்தில் இதனை வைத்தால், நம் பூமி சுற்றிவரும் பாதையையும் இது விழுங்கிவிடும். முதுமையினால் இவ்வாறு பருத்துவிட்ட விண்மீன் இது.

2019-ஆம் ஆண்டின் இறுதியில் இது மங்கத் தொடங்கிற்று. 2020 பிப்ரவரியில் இதன் ஒளி வழக்கத்தில் பாதிக்கும் கீழே சென்றது. ‘வெடிக்கப்போகிறது’ என்று உலகெங்கும் பரபரப்பாகப் பேசினர். அது வெடிக்கவில்லை. விண்மீன் உமிழ்ந்த வாயு வெளியே சென்று குளிர்ந்து, தூசியாகி, அதன் முகத்தைத் திரைபோல் மறைத்தது என்றே ஆராய்ந்தவர்கள் கூறினர். சில திங்களில் பழைய ஒளி திரும்பியது. பேசியவர்களும் அதனை மறந்தனர்.

நான் வருந்துவது இந்த மறதிக்கே. வெடிப்பு வியப்புக்குரியதுதான். ஆனால் ஆரவாரமின்றி ஆண்டுதோறும் வெளியேறும் அந்த வாயுவும் தூசியும் அதனினும் கருதத்தக்கவை. பொதுவாக முதிய செவ்விண்மீன்கள் விரிந்து விரிந்து சுருங்கும். அப்போது மேற்பரப்பின் வாயு உயரே எழும்புகிறது. அங்கே குளிர்ந்து நுண்ணிய தூசித் துகள்களாகிறது. களத்தில் தூற்றும்போது காற்றுப் பதரைத் தள்ளுவதுபோல, விண்மீனின் ஒளி அத்தூசியைத் தள்ளுகிறது. தூசி தன்னுடன் வாயுவையும் இழுத்துச் செல்கிறது. இவ்வோட்டத்தின் வேகம் பெரும்பாலும் வினாடிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர்.

இத்துணைத் தொலைவில் நிகழ்வதை எவ்வாறு அறிந்தனர்? ஊதிக்கொண்டே வரும் ரயில் வண்டி நம்மை நெருங்கும்போது அதன் ஒலி கூர்மையாகக் கேட்கிறதன்றோ? ஒளிக்கும் அத்தகைய மாற்றம் உண்டு. விண்மீன் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதில் கருங்கோடுகள் தோன்றும். நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடுகள் நீலப் பக்கம் சற்றே நகர்ந்திருக்கும். அந்நகர்வை அளந்தால் வேகம் தெரிந்துவிடும்.

‘நெல் விளைப்பவனுக்கு இதனால் என்ன பயன்?’ என்று கேட்பவர் உண்டு. பயிருக்குத் தழைச்சத்து வேண்டுமென்று உழவர் யூரியா இடுகின்றனர். அத்தழைச்சத்தாகிய நைட்ரஜனின் பெரும்பகுதியும், நெல்மணியில் உள்ள கரியின் கணிசமான பங்கும், நம் பூமி தோன்றுமுன்பே மூப்படைந்த விண்மீன்கள் வெளியே விட்டவை. காவிரி கொணர்ந்த வண்டலைப் போற்றுகிறோம். அவ்வண்டலுக்கும் முந்திய வண்டல் இது!

இவ்வாராய்ச்சி நமக்குப் புதியதுமன்று. 1867-ஆம் ஆண்டிலேயே சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, தென்வானில் ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். ஏறத்தாழ ஒன்பது திங்களுக்கு ஒருமுறை பொலிந்து மங்கும் முதிய விண்மீன் அது. மங்கிய வேளையில் அது வெறுங்கண்ணுக்குச் சிறிதும் புலப்படாது. அதனைக் கண்டவர், விண்மீன்களின் இடங்களை அளந்து பொறுமையாகக் குறித்துவந்த ஒருவர்.

‘எங்கள் பள்ளியில் தொலைநோக்கி இல்லையே’ என்பீர்கள். திருவாதிரைக்கு அது வேண்டியதில்லை. நகரத்தார்க்கு இல்லாத இருண்ட வயல்வெளி நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. தஞ்சை மாவட்டப் பள்ளிகள் மார்கழி முதல் பங்குனி வரை வாரம் ஓரிரவு திருவாதிரையின் ஒளியை மதிப்பிட்டு எழுதிவைக்கும் வழக்கத்தை மேற்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஒப்பிடுவதற்கு, அதற்கு மேற்கே அதே செந்நிறச் சாயலுடன் ரோகிணி இருக்கிறது. பெரும்பாலும் ரோகிணியை விடத் திருவாதிரையே பொலிவுடன் தோன்றும். 2020 பிப்ரவரியில் ரோகிணியே பொலிவு மிக்கதாய் இருந்தது.