கல்லைக் காட்டினார்கள், பையைச் சோதித்தார்களா?

ஒருவருக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்து பையையே எடுத்துவிடுகிறார்கள். உள்ளே இருந்த கற்களைச் சிறு சீசாவில் போட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் பார்த்து, "அடேயப்பா! இத்தனை கல்லா!" என்று அதிசயப்படுகிறார்கள்.

கல் இருந்த பை எங்கே? அதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்!

பித்தப்பை கல்லீரலுக்கு அடியில் இருக்கிறது. பேரிக்காய் வடிவம். கல்லீரலில் ஊறும் பித்தநீரைச் சேர்த்து வைத்து, நாம் சாப்பிட்டதும் குடலுக்கு அனுப்புகிறது. அது இல்லாமலும் வாழலாம். 1882-ம் ஆண்டில், பெர்லின் நகரில், கார்ல் லாங்கன்புக் என்ற டாக்டர் முதன்முதலாக அதை வெட்டி எடுத்தார். இன்று அது சாதாரண ஆபரேஷன்.

என்ன மாறுதல்?

பல ஆண்டுகள் கல் கிடந்தால் பையின் சுவர் புண்ணாகும்; தடித்துப் போகும். பெரும்பாலோருக்கு இதுதான். சிலருக்கு உள்சுவரில் கொழுப்பு மஞ்சள் புள்ளிகளாகப் படிந்திருக்கும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

மிகச் சிலருக்கு, சுவரில் உள்ள உயிரணுக்களே உருமாறத் தொடங்கியிருக்கும். அது முற்றினால் புற்றுநோய்! வட இந்தியாவில் கங்கைக்கரை மாநிலங்களில் இந்த நோய் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக வருகிறது.

ஆரம்பத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேனிலும் தப்பிவிடலாம். பையின் துண்டுகளை மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அப்போதுதான் தெரியும்.

வீண் செலவா?

"பார்வைக்கு நன்றாக இருக்கும் பையில் நோய் இருப்பது அபூர்வம். எல்லாவற்றையும் சோதிப்பது வீண் செலவு" என்று கூறும் டாக்டர்களும் உண்டு. சந்தேகம் உள்ள பையை மட்டும் சோதனைக்கு அனுப்பும் வழக்கம் நெதர்லாந்து நாட்டில் இருக்கிறது.

அபூர்வம் என்பது உண்மை. ஆனால், அந்த ஒருவர் நம் வீட்டுத் தாயாராக இருந்தால்?

நோய் உள்தோலோடு நின்றிருந்தால், பையை எடுத்ததே போதும். ஆழமாக இறங்கியிருந்தால், கல்லீரலில் ஒரு பகுதியையும் எடுக்க வேண்டியிருக்கும். சீக்கிரம் தெரிந்தால் பிழைக்க வழி உண்டு. நோய் பரவி, மஞ்சள் காமாலை வந்த பிறகு தெரிந்தால் வழி குறுகிவிடும். ஆபரேஷனுக்கே செலவு செய்கிறவர்கள், சோதனைச் செலவைப் பார்க்கலாமா? எல்லாப் பைகளையும் சோதிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இன்னொன்று. ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். அதற்குள் நோயாளி வீடு திரும்பிவிடுவார். வலி நின்றதும் ஆஸ்பத்திரியை மறந்துவிடுவார். ரிப்போர்ட் அங்கேயே கிடக்கும்!

ஆகவே, ஆபரேஷனுக்கு முன்பே, "பையைச் சோதனைக்கு அனுப்புவீர்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பிறகு மறக்காமல் போய் ரிப்போர்ட்டை வாங்குங்கள். அதில் இருப்பதை அவரையே விளக்கச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம்.

கல்லைத் தூக்கி எறிந்தாலும் பரவாயில்லை. ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்!