தெரிந்தவர் விற்கும் வண்டியும் தெரிந்து வாங்கும் வண்டியும்



பழைய மகிழுந்து வாங்குவதைப் பற்றி எழுதத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை செலவிடுவது வண்டிக்குத்தான். அந்தப் பணம் பட்டறையில் கரையத் தொடங்கினால், குடும்பத்தில் முதலில் கைவைக்கப்படுவது பிள்ளைகளின் கல்விக்கென ஒதுக்கிய தொகையில்தான். ஆகவே இது நம் வகுப்பறைக்கு அப்பாற்பட்ட செய்தி அன்று.

புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் நம்மவர்கள் இப்பொழுது விரும்பிப் பார்ப்பவை சிறிய சொகுசு எஸ்.யூ.வி. வண்டிகள். பி.எம்.டபிள்யூ எக்ஸ்1, மெர்சிடிஸ் ஜி.எல்.ஏ., ஆவ்டி கியூ3, வால்வோ எக்ஸ்.சி.40, லெக்சஸ் என்.எக்ஸ். போன்றவை. புதிதாக வாங்கினால் கைக்கு எட்டாதவை. ஏழெட்டு ஆண்டு ஓடிய பிறகு, புதிய உள்நாட்டு வண்டியின் விலைக்கு அருகில் இறங்கி வருகின்றன. உயரமான இருக்கை, உறுதியான கட்டமைப்பு, பின்னால் பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும் இடம். ஆசைப்படுவதில் குற்றமேதும் இல்லை. உழைத்துச் சேர்த்த பணத்தில் நல்ல வண்டி ஓட்ட எவருக்கும் உரிமை உண்டு.

என் மனக்குறை வேறு. நம்மவர்கள் வண்டியைப் பார்த்து வாங்குவதில்லை. விற்பவரைப் பார்த்து வாங்குகிறோம்!

"யார் விற்கிறார்?" என்று கேட்கிறோம். "நமக்குத் தெரிந்தவர்தான்" என்ற விடை வந்ததும் அடுத்த கேள்வி எழுவதில்லை. கோயில் நிருவாகத்தில் இருப்பவர், மாமன் வழி உறவினர், முன்னாள் மாணவரின் தந்தை என ஏதேனும் ஓர் உறவு போதுமானதாகி விடுகிறது. அதன்பின் வண்டியின் அடியில் குனிந்து பார்ப்பதே அவரை அவமதிப்பது போல் ஆகிவிடுகிறது.

திருக்குறளின் 51ஆம் அதிகாரத்தின் பெயர் 'தெரிந்துதெளிதல்'. தெரிதல் என்றால் ஆராய்தல். தெளிதல் என்றால் நம்புதல். முதலில் ஆராய்ச்சி, பிறகே நம்பிக்கை. நாமோ 'தெரிந்தவர்' என்னும் சொல்லுக்கு 'முகம் அறிந்தவர்' என்று மட்டும் பொருள் வைத்துக்கொண்டு, ஆராய வேண்டிய இடத்தைத் தாண்டி நேரே நம்பிக்கைக்குப் போய்விடுகிறோம்.

எனக்கு நெருக்கமான ஆசிரியர் ஒருவர் 2022ஆம் ஆண்டில் இவ்வாறுதான் ஏழாண்டு ஓடிய ஐரோப்பிய எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கினார். விற்றவர் நல்ல மனிதர். பல ஆண்டுப் பழக்கம். நான்காம் மாதம் கியர்ப்பெட்டி பழுதானது. பட்டறையில் கேட்ட தொகை பன்னீராயிரம் ரிங்கிட்டைத் தாண்டியது. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக வைத்திருந்த பணம் அதில் போயிற்று. விற்றவர் ஏமாற்றினார் என்றும் சொல்வதற்கில்லை. அவருக்கே அந்தப் பழுது தெரியாது. இன்று இருவரும் திருமண வீடுகளில் ஒருவரையொருவர் பார்த்தும் பாராமல் போகிறார்கள். ஒரு மணி நேரச் சோதனை செய்திருந்தால் பணத்தோடு நட்பும் மிஞ்சியிருக்கும்.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். விற்பவரின் நேர்மை வேறு. வண்டியின் நிலை வேறு. நேர்மையாளரிடமும் பழுதான வண்டி இருக்கலாம்.

சொகுசு வண்டிக்கு ஏன் தனிக் கவனம் வேண்டும்?

விலை குறைவது வண்டிக்குத்தான். அதன் உதிரிப் பாகங்களுக்கு அன்று. இரண்டு இலட்சத்துக்கு மேல் விற்ற வண்டி எண்பதாயிரத்துக்கு வந்துவிட்டது என்பதற்காக அதன் கியர்ப்பெட்டியும் தொங்கல் அமைப்பும் மின்னணுப் பெட்டிகளும் எண்பதாயிரத்து வண்டியின் விலைக்கு இறங்கி வருவதில்லை. பி.எம்.டபிள்யூ வண்டிகள் பல நமக்குப் பக்கத்திலேயே கூலிமில் இனோகோம் தொழிற்சாலையில் பொருத்தப்படுகின்றன. ஆனால் அருகில் பொருத்தப்படுவதாலேயே பழுதுபார்ப்பு மலிவாகிவிடும் என்று எண்ணிவிட முடியாது.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். எண்பதாயிரம் ரிங்கிட் வண்டிக்கு முன்பணம் 8,000. மாதத் தவணை 1,050 வீதம் 84 மாதங்கள் என்று வைத்துக்கொள்வோம். தவணை மட்டும் 88,200. முன்பணத்தோடு 96,200 ரிங்கிட். வட்டி விழுக்காட்டை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்ட வேண்டாம். தவணையை மாதங்களால் பெருக்கிப் பாருங்கள். ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் இந்தப் பெருக்கல் தெரியும். அதற்குமேல் வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதலாண்டுப் பராமரிப்புக்கெனத் தனியே வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தத் தொகை கையில் இல்லையென்றால் அந்த வண்டி இன்னும் நமக்கு எட்டவில்லை என்றே பொருள்.

எவற்றைப் பார்க்க வேண்டும்?

1. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது போங்கள். "நான் வந்த பிறகு முடுக்குங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முன்மூடியின் மீது கையை வையுங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். குளிர்ந்த இயந்திரத்தை முடுக்கும்போதுதான் சங்கிலியின் கடகட ஒலியும் நீலப் புகையும் வெளிப்படும். எடுத்துக்காட்டாக, 2011 முதல் 2015 வரையிலான சில பி.எம்.டபிள்யூ வண்டிகளில் இருக்கும் என்20 இயந்திரத்தில், டைமிங் சங்கிலியைத் தாங்கும் நெகிழி வழிகாட்டிகள் தேய்ந்து உடைவது பலரும் அறிந்த குறை. வாங்க விரும்பும் வண்டியில் எந்த இயந்திரம் உள்ளது, அதற்குரிய பொதுக் குறை யாது என்பதை அறிந்த பிறகே பார்க்கப் போக வேண்டும்.

2. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று பாருங்கள். 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பினாங்கிலும் செபராங் பிறையிலும் ஏறிய வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் வட்டாரத்திலும் எண்ணற்ற வண்டிகள் மூழ்கின. அவ்வாறு மூழ்கியவை துடைத்து மெருகேற்றப்பட்டு வேறு மாநிலத்தில் விற்பனைக்கு வரக்கூடும். இருக்கைவாரை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக்கறை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கைத் தண்டவாளத் திருகுகளில் துரு உண்டா? பின்பெட்டித் தரைக்கு அடியில் ஈரம் உண்டா? உள்ளே வாசனைத் திரவியம் மிகையாக வீசினால் எதை மறைக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. ஓடிய தூரத்தைப் பிற சான்றுகளோடு ஒப்பிடுங்கள். மீட்டர் 60,000 கிலோமீட்டர் காட்டும். திருப்புவளையமும் பிரேக் மிதியும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். இரண்டும் பொருந்துமா? பராமரிப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நான்கு டயர்களும் நான்கு வெவ்வேறு நிறுவனத்தவையாக இருந்தால், அந்த உரிமையாளர் பராமரிப்பில் எவ்வளவு சிக்கனம் பார்த்திருப்பார் என்று ஊகிக்கலாம்.

4. கணினிக் கருவியால் சோதியுங்கள். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் பழுதே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பழுதுக் குறியீடுகளை நாம் வருவதற்குச் சற்று முன்பு அழித்துவிட முடியும். அனுபவமுள்ள பட்டறைக்காரர், வண்டியின் தற்சோதனைகள் இன்னும் நிறைவு பெறவில்லை என்பதைக் கருவியில் கண்டு, அண்மையில் ஏதோ அழிக்கப்பட்டிருக்கலாம் என்று சொல்லிவிடுவார்.

5. நெரிசலிலும் விரைவுச்சாலையிலும் ஓட்டுங்கள். வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பது சோதனை ஆகாது. மாலை நேரத்தில் ஆல்மா நெரிசலில் ஊர்ந்து செல்லுங்கள். இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டி நலிந்திருந்தால் அங்கேதான் நடுங்கும். பிறகு பட்டர்வொர்த் - கூலிம் விரைவுச்சாலையில் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் ஓட்டி அதிர்வையும் ஒலியையும் கவனியுங்கள். மேட்டில் நிறுத்திப் பின்னோக்கி ஏற்றிப் பாருங்கள். குளிர்சாதனம், கூரைக் கண்ணாடி, பின்கதவு மின்பொறி என ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.

6. திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா என்று கேளுங்கள். தக்காத்தா காற்றுப்பைகளுக்காக உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டு சரவாக்கின் சிபுவில், அத்தகைய காற்றுப்பை வெடித்துப் பாய்ந்த உலோகத் துண்டால் கருவுற்றிருந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் நாட்டுத் தட்பவெப்பம் அந்த வெடிபொருளை விரைவாகச் சிதைக்கக்கூடியது. அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்கலாம். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி அல்லவா?

ஆவணங்கள் என்ன சொல்கின்றன?

உரிமைப் பத்திரத்தில் உள்ள அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். தயாரித்த ஆண்டும் பதிவு செய்த ஆண்டும் ஒன்றா என்று பாருங்கள். வெளிநாட்டில் ஓடி இங்கு வந்த 'ரீகோன்' வண்டிகளில் இரண்டுக்கும் இடையே சில ஆண்டுகள் இருக்கும். "2020 வண்டி" என்று வாய்மொழியாகச் சொல்வதில் எந்த ஆண்டு குறிக்கப்படுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கடன் மிச்சம் உள்ளதா, கட்டப்படாத அபராதங்கள் உள்ளனவா என்பனவும் கேட்டறிய வேண்டியவை.

"புஸ்பாகோமில் தேறிவிட்டது" என்று சொல்வார்கள். உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனை தேவையானதுதான். ஆனால் அதன் முதன்மை நோக்கம் வண்டியின் அடையாளத்தையும் கட்டமைப்பையும் உறுதிசெய்வது. எண்கள் திருத்தப்பட்டனவா, வெட்டி ஒட்டிய வண்டியா என்பன போன்றவற்றை அது பார்க்கும். கியர்ப்பெட்டி இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கு அது சான்றிதழ் அன்று. பிறப்புச் சான்றிதழைக் காட்டி, "பிள்ளை நன்றாகப் படிப்பான்" என்று சொல்வது போன்றது இது.

இன்னொன்றையும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கான தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. ஆனால் அது பயனீட்டாளருக்கும் வணிகருக்கும் இடைப்பட்ட வழக்குகளுக்கானது. ஜூரு ஆட்டோ சிட்டி போன்ற இடங்களில் உள்ள வணிகரிடம் வாங்கினால் அந்தக் கதவைத் தட்டலாம். தெரிந்தவர் தம் சொந்த வண்டியை நமக்கு விற்றால் அந்தக் கதவு நமக்குத் திறக்காது. ஆக, நாம் எங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோமோ, அங்கேதான் நமக்குப் பாதுகாப்பு குறைவு!

எப்படிக் கேட்பது?

"கேட்டால் தப்பாக நினைப்பாரே" என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. முகம் முறிக்காமல் கேட்க நம் மொழியில் வழியா இல்லை? "அண்ணே, உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. வண்டியை ஒருமுறை பட்டறையில் காட்டிவிட்டால் வீட்டிலும் நிம்மதியாக இருப்பார்கள். செலவு என்னுடையது" என்று சொல்லுங்கள். நல்ல மனிதர் இதற்கு வருந்தமாட்டார். வருந்திக் கோபித்துக்கொண்டால் அதுவே உங்களுக்கு ஒரு விடை. பட்டறையும் விற்பவர் காட்டுவதாக இல்லாமல், நீங்கள் தேர்ந்தெடுத்ததாக, அந்த வகை வண்டியில் பழக்கமுள்ளதாக இருக்கட்டும்.

நாம் விற்பவராக இருக்கும்போதும் இதே நெறிதான். வாங்க வருபவர் கேட்பதற்கு முன்பே, "பட்டறையில் காட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் தம்பி" என்று நாமே சொல்வோம். அறிந்த குறைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். உறவும் நட்பும் நீடிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

வகுப்பில் மாணவன் கேள்வி கேட்டால் அவன் ஆசிரியரை நம்பவில்லை என்றா கொள்கிறோம்? பாடத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறான் என்றுதானே மகிழ்கிறோம்! பிள்ளைகளுக்கு நாள்தோறும் கற்பிக்கும் இந்தப் பழக்கத்தை, எண்பதாயிரம் ரிங்கிட் கைமாறும் இடத்தில் நாம் மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்? அடுத்த முறை வண்டி பார்க்கப் போகும்போது வளர்ந்த பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அப்பாவும் அம்மாவும் கூச்சமின்றி, பணிவோடு கேள்வி கேட்பதை அவர்கள் பார்க்கட்டும்.