கூறியது கூறல் எப்போது குற்றம்?



நிரல் எழுதும் இளையோரிடையே ஒரு மந்திரம் உலவுகிறது. ஒரே மாதிரியான வரிகள் ஈரிடத்தில் தென்பட்டால் உடனே ஒன்றாக்கிவிட வேண்டுமாம்! இதை நான் மறுக்கிறேன். பட்டுத் தெளிந்தவன் என்பதால் மறுக்கிறேன்.

தேர்வுப் புள்ளிகளைக் கூட்டித் தரவரிசை இடுவதற்கு ஒரு நிரல் எழுதினேன். பள்ளி விளையாட்டுப் போட்டியில் இல்லங்களை வரிசைப்படுத்தவும் அதே வரிகளைப் படியெடுத்தேன். பின்னர், அந்த மந்திரத்தை நம்பி இரண்டையும் ஒரே செயற்கூறாக இணைத்தேன். வந்தது வினை! தேர்வுக்கு வராத மாணவனுக்குச் சுழியம் இடலாகாது. போட்டிக்கு வராத இல்லத்திற்கோ சுழியமே. தேர்வில் சமப்புள்ளி பெற்றோர் ஒரே நிலையைப் பகிர்வர். போட்டியில் தங்கப் பதக்கங்களை எண்ண வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை சேர்த்தேன். முடிவில், எழுதிய எனக்கே அது விளங்கவில்லை.

உண்மையான குற்றம் வேறிடத்தில் ஒளிந்திருந்தது. தேர்ச்சிக்கு 40 புள்ளி என்னும் விதியைத் தேர்ச்சி அறிக்கை, வகுப்புப் பட்டியல், பெற்றோர் கடிதம் என மூன்று இடங்களில் எழுதியிருந்தேன். ஓரிடத்தில் '40க்குக் குறையாமல்', மற்றோரிடத்தில் '39க்கு மேல்'. வடிவம் வேறு, விதி ஒன்றே! எல்லை 35ஆகக் குறைந்தபோது இரண்டைத் திருத்தினேன், கடிதத்தை மறந்தேன். 37 புள்ளி பெற்ற மாணவி அறிக்கையில் தேர்ச்சி, கடிதத்தில் தோல்வி. அவள் சிந்திய கண்ணீருக்கு நானே பொறுப்பு.

'ஆறு' என்னும் சொல் நதியையும் குறிக்கும், எண்ணையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். எழுத்து ஒத்திருப்பதால் பொருள் ஒன்றாகிவிடுமா?

1999இல் 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' எழுதிய ஆண்ட்ரூ ஹண்டும் டேவிட் தாமசும் விலக்கியது ஒரே அறிவு பல இடங்களில் சிதறிக் கிடப்பதைத்தான்; வரிகள் ஒத்திருப்பதை அன்று. அதே ஆண்டு மார்ட்டின் ஃபவுலர் 'ரீஃபாக்டரிங்' நூலில், மூன்றாம் முறை வரும்போது சீரமைக்கலாம் என்னும் டான் ராபர்ட்சின் விதியைப் பதிவு செய்தார். தவறான பொதுமையைவிட இரட்டிப்பே மலிவு என்று 2016இல் சாண்டி மெட்ஸ் எழுதினார். மந்திரம் ஓதுவோர் இவற்றைப் படித்தார்களா?

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் கூறியது கூறல் ஒன்று. மாறுகொளக் கூறலும் மயங்க வைத்தலும் அதே பட்டியலில்தான் உள்ளன! என் 40 புள்ளி விதி மாறுகொளக் கூறலில் முடிந்தது. என் அவசர இணைப்பு மயங்க வைத்தலில் முடிந்தது.

ஆகவே ஒன்றாக்குமுன் கேளுங்கள்: இதை மாற்றினால் அதையும் மாற்றியே தீர வேண்டுமா? ஆம் எனில், இரண்டே இடமானாலும் இன்றே ஒன்றாக்குங்கள். இல்லை எனில், பத்து இடமானாலும் விட்டுவிடுங்கள். ஐயமெனில், மூன்றாவது வரும்வரை பொறுங்கள். தவறாக இணைத்தாயிற்றா? வெட்கப்படாமல் பிரித்துவிடுங்கள். நான் பிரித்துவிட்டேன்.