லயத்துப் பரணும் தொழிற்சாலை மாடியும்

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில் மூன்று தலைமுறை வாழ நேர்ந்தால், தரையில் இடம் இல்லாதவன் மேலே இடம் தேடுகிறான். பசறையாயினும், லுணுகலையாயினும், தெமோதரையாயினும், பதுளை மாவட்டத்துப் பழைய லயங்களில் இதைக் காணலாம். விறகு அடுக்குவதற்கென்று போட்ட பரண் இன்று பள்ளிப் பிள்ளைகளின் படுக்கையறை. சில வீடுகளில் புதுமணத் தம்பதிகளின் தனியறையும் அதுவே. இதனை ஆடம்பரம் என்று கூற எவருக்கேனும் நாவெழுமா?

நாம் கேட்பது வேறொன்று: அந்தப் பரணின் பாரம் எங்கே இறங்குகிறது?

பெரும்பாலும் சுவரில். கல்லும் மண்சாந்தும் கொண்டு துரைமார் காலத்தில் எழுப்பிய சுவர் அது. இரு குடும்பங்களுக்குப் பொதுவான சுவர். உத்திரம் செருக அதிலே துளையிட்டால் அண்டை வீடும் பலவீனமடைகிறது. சிலர் கூரை மரத்திலிருந்தே பலகையைத் தொங்கவிடுகின்றனர். அந்த மரங்கள் தகரத்தைத் தாங்க வந்தவை. மனிதரைத் தாங்க வந்தவையல்ல. குடியிருக்கும் தளத்துக்குச் சதுர அடி ஒன்றுக்கு ஏறத்தாழ 30 இறாத்தல் பாரம் என்று பொறியியலாளர் கணக்கிடுவர். பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள சிறு பரணே 1,800 இறாத்தலைத் தாங்கவேண்டும். அதாவது 800 கிலோவுக்கு மேல். பச்சை மரத்தையும் நான்கு ஆணியையும் நம்பி அந்தப் பாரத்தை ஏற்றலாமா?

பரணுக்குத் தனித் தூண்கள் வேண்டும். தூணுக்கு அடியில் கொங்கிறீட்டு அடித்தளம் வேண்டும். உலர்ந்த மரம், ஆணிக்குப் பதில் போல்ட்டு, அசையாத ஏணி, குழந்தை உருளாதிருக்கத் தடுப்பு இவையும் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், அடுப்புக்கு நேர்மேலே எவரும் உறங்கலாகாது. புகை மேலே ஏறும். லயத்துக் காம்பராவில் ஓடித் தப்புவதற்கோ பெரும்பாலும் ஒரே வாசல்.

லயத்தைவிட்டு இறங்கித் தொழிற்சாலைக்குள் சென்று பாருங்கள். அங்கே கொழுந்து வாட்டுவதற்கு மாடிமேல் மாடி. அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் லிப்டன் 1890இல் எழுப்பிய தொழிற்சாலை இன்றும் நிற்கிறது. தளம் உறுதியாக இருக்கவேண்டும், படிக்குக் கைப்பிடி இருக்கவேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விதிக்கிறது. கொழுந்து வாடும் மாடிக்குச் சட்டம் உண்டு. அக்கொழுந்தைப் பறித்தவளின் பிள்ளை உறங்கும் பரணைப் பார்வையிடவோ ஓர் உத்தியோகத்தர் இல்லை!

தொழிலாளி அறியாமையால் இப்படிக் கட்டுகிறான் என்பார் உளர். நாம் அதை ஏற்கமாட்டோம். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. கை மாறியபோதெல்லாம் காம்பரா மட்டும் குடியிருப்பவனுக்கு உரியதாகவில்லை. உரித்து இல்லாதவன் எந்த வரைபடத்தை எங்கே சமர்ப்பிப்பான்? நிர்வாகத்திடம் அனுமதி கேட்டால் மறுப்போ மௌனமோதான் விடை. எனவே ஞாயிற்றுக்கிழமை நான்கு நண்பர்களைக் கூட்டி, ஓசையின்றிப் பலகை அடிக்கிறான். ஒளித்துக் கட்டியதை எவர் பரிசோதிப்பார்?

பிரதேச சபைகளோ 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டக் குடியிருப்புக்குச் செலவிட எமக்கு அதிகாரமில்லை என்று நெடுங்காலம் கைவிரித்தன. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. தோட்டப் பகுதிகளுக்கென ஓர் அதிகார சபையும் அவ்வாண்டே சட்டமாயிற்று. இனியும் பழைய பாட்டுக்கு இடமேது?

“காணியும் தனிவீடும் கேட்கும் நாம் பரணைப் பற்றிப் பேசலாமா?” என்று தோழர் சிலர் வினவக்கூடும். லயம் ஒழியவேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் பேச்சில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் நாள் மண் சரிந்து லயங்களை மூடியதை ஊவா மறக்கவில்லை. 2025 நவம்பர்ப் புயல் மழை அதே அச்சத்தை மீண்டும் கொணர்ந்தது. சரியும் மலையில் பரண் எதற்கு? அங்கே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சொல்லே முதற் சொல், குடிபெயர்ப்பே பரிகாரம். ஆனால் வீடு வரும்வரை இன்றிரவும் பிள்ளைகள் பரணில்தான் படுக்கின்றனர்.

ஆகவே பதுளை மாவட்டத்துப் பிரதேச சபை உறுப்பினர்களிடம் நாம் கேட்பது சிறிதே. தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை லயங்களுக்கு அனுப்புங்கள். உள்ள பரண்களைப் பார்த்து, ஆபத்தானதைத் தூண் கொடுத்து நிறுத்தட்டும்; நிறுத்த இயலாததை, மாற்றிடம் காட்டிய பின் அகற்றட்டும். நிர்வாகம் எழுத்தில் அனுமதி தரட்டும். பரண் போட்டவன் என்பதற்காக எவனையும் வழக்குக்கு இழுக்கவோ, வீட்டுப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடிக்கவோ கூடாது என்பதையும் அந்த அனுமதியிலேயே எழுதிவிடட்டும்.